ஒரே ஒரு பத்தி

நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்தவள், ஈரத் தலையைத் துவட்டாமலே மடிக்கணினியைத் திறந்தாள்.

வியட்நாம். ஆற்றங்கரை விடுதி. விடுமுறைக்கு வந்த மறுநாளே சென்னையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"ஒரே ஒரு பத்திம்மா. நீங்க படிச்சீங்கன்னா அந்தப் பையனுக்கு அவ்வளவா வலிக்காது" என்றார் ஸ்ரீவத்சன். நிறுவனத்தின் இயக்குநர்.

மனிதவளத் துறையில் அவளுக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கனிவு வராதாம்.

பத்தி வந்தது. 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று தொடங்கியது. நடுவில் அடைப்புக்குறிக்குள், 'இங்கே சற்று நிறுத்தவும்'. கடைசியில் ஒரு தென்னை மரப் படம். விடுமுறை வாழ்த்தாம்.

வெளிநாட்டில் இருப்பது தெரிய வேண்டாம், பின்னணியை மறைத்துவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அவள் மறைக்கவில்லை.

திரையில் எபனேசர் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பதவி உயர்வு என்று நினைத்துவிட்டான் போல.

அவனை வேலைக்கு எடுத்தவர் ஸ்ரீவத்சன்தான். ஆண்டு விழாவில் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு, 'என் கண்டுபிடிப்பு' என்று எல்லோரிடமும் காட்டியவர்.

இப்போது அவர் ஒரு கறுப்புக் கட்டம். முகம் இல்லை, குரல் இல்லை. ஒட்டுக்கேட்க மட்டும் வந்திருந்தார்.

அவள் பத்தியைப் பார்த்தாள். அதை மூடினாள்.

"எபனேசர், சார் உங்ககிட்ட நேராவே ஒரு விஷயம் சொல்லணும்னு இருக்காரு."

கட்டம் அப்படியே இருந்தது. திரையோரத்தில் அவளுக்கு மட்டும் ஒரு செய்தி. 'என்ன பண்றீங்க? படிங்க.'

படிக்கவில்லை.

இந்த ஆள் அறைக்குள் வரும்போதெல்லாமா எழுந்து நின்றோம்?

மைக் திறந்தது. தொண்டையைச் செருமும் சத்தம்.

"ஆங்... எபனேசர். எப்படி இருக்கீங்க? திருநெல்வேலிப் பக்கம் மழையெல்லாம் உண்டா?"

அவன் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

"என்னைய வேலைய விட்டு அனுப்பப் போறீங்களா, சார்?"

"அதெல்லாம் வந்து... மேடம் சொல்வாங்க."

கறுப்புக் கட்டம் மறைந்தது. சுவரேறிக் குதித்து ஓடுகிறவன்கூட ஒரு முறை திரும்பிப் பார்ப்பான்.

"ஆமா, எபனேசர்" என்றாள்.

அந்தப் பத்தி முழுக்கத் தேடினாலும் இவ்வளவு நேரான சொல் ஒன்று கிடைக்காது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பின்னாடி படகு போகுதே. லீவுலயா இருக்கீங்க, மேடம்?"

"ஆமா."

"லீவுல இருக்கவங்களக் கூப்பிட்டா சொல்லச் சொன்னாரு?"

அவள் தலையசைத்தாள்.

"ஏன்னு மட்டும் அவரு வாயால கேக்கணும், மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்."

கைபேசி அதிர்ந்தது. ஸ்ரீவத்சன். 'நெட் போயிடுச்சும்மா. சொல்லிட்டீங்களா? இனி லீவை நல்லா என்ஜாய் பண்ணுங்க.'

கீழே படித்துறையில் கணவன் கையசைத்தான். படகு கிளம்பத் தயாராக இருந்தது. நீங்கள் போங்கள் என்று சைகை காட்டினாள்.

பிறகு ஸ்ரீவத்சனுக்கு எழுதினாள்.

'சொல்லிவிட்டேன். காரணத்தை உங்களிடமே கேட்க வேண்டுமாம். இணைப்பு கிடைத்ததும் வாருங்கள். நாங்கள் இருவரும் இங்கேயேதான் இருப்போம்.'

அவர் படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது.

பதில் வரவில்லை.

"ஒரு டீ போட்டுட்டு வந்திருதேன், மேடம்" என்று எபனேசர் எழுந்து போனான்.

அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.