கரவனுக்கு ஒரு கேபிள்

நாலு மணிக்குச் சம்பந்தி வீட்டார் பார்க்க வருகிறார்கள். மூன்றே முக்காலாகியும் கரவன் என்ற அந்தச் சக்கர வீட்டின் சுவரில் துளை போட்டு முடியவில்லை. தவராஜா துளைக்கருவியை இன்னும் அழுத்தினார்.

"இஞ்சேருங்கோ, புதுச் சாமான். பிழையான இடத்திலை துளைச்சியளெண்டால் மழை உள்ளுக்கை வரும்," என்றாள் மனைவி யசோதரா.

"அந்தச் சம்பந்தி மனிசி குறை காணவெண்டே வருது. கேபிள் இல்லையெண்டு சாட்டுச் சொல்லி எல்லாத்தையும் குழப்பிப்போடும்."

"ரிவி வேண்டாமெண்டுதானே பிள்ளை சொன்னவள்."

"அவளுக்கென்ன தெரியும்? நீர் வயரைப் பிடியும்."

கேபிளை உள்ளே இழுத்து, துளையைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்து, ரிவியில் செருகினார். படம் தெளிந்த நேரம், கரவன் நின்ற கேம்பிங் திடலின் வாசலில் கார் வந்து நின்றது.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஜெயமலர் இறங்கினாள். பின்னால் அவள் மகன் பானுஜனும், அவன் கட்டப்போகும் தவராஜாவின் மகள் யாதவியும் வந்தார்கள். தாங்கள் இருவர் மட்டும் இருக்கச் சீதன வீடாகக் கரவன்தான் வேண்டும் என்று தவராஜாவிடம் ஒற்றைக்காலில் நின்றவர்கள் அந்த இருவரும்தான்.

ஜெயமலர் அலுமாரியைத் திறந்து பார்த்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். தவராஜா அவள் பின்னாலேயே போனார். ரிவியைக் கண்டதும் அவள் அதன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வீடு திறம், சம்பந்தி. ரிவியும் இருக்கெண்டால், நானும் பிள்ளையளோடை இஞ்சையே இருந்திடுவன்."

தவராஜா மகளின் பக்கம் திரும்பவேயில்லை.