ஒரே வாக்கியத்தில் வந்தவன்

ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியம் எழுத நானாகவே பழகிக்கொண்டேன். வெளிநாட்டு வேலையில் லீவு கேட்டுக் கேட்டும் கிடைக்காமல் சலித்துப்போனதால், ஒருவன் ஊருக்குத் திரும்பி வீட்டுக்குப் போவதையே தினமும் எழுதிப் பார்ப்பேன். யார், என்ன செய்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் சேர்க்க வேண்டும். சிக்கலாக எழுதிய நாட்களில் அவன் பாதி வழியிலேயே தொலைந்துபோவான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வாக்கியம் தெளிவாக ஓடியது. அவன் பஸ்ஸை விட்டு இறங்கி, ரைஸ்மில்லைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது என் மனைவி பியூலா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுதிக்கொண்டே பேசினேன்.

“ஏங்க, தெருவுல ஒரு ஆளு வாராரு. நடை அப்படியே உங்க நடை!” என்று சிரித்தாள்.

விளையாட்டாக ஒரு கமா போட்டு, அவன் கேட்டைத் திறந்தான் என்று சேர்த்தேன். போனில் எங்கள் கேட் கிறீச்சிட்டது.

“ஐயோ, நீங்களேதான்! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கீங்க?”

“பியூலா, நான் இங்க ரூம்ல இருக்கேன். கதவத் திறக்காத!”

பேனாவைக் கீழே போட்டேன். ஆனால் வாக்கியம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதற்கு மேல் அவன் எங்கே போவான் என்று யாருக்கும் புரியும். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

“போன்ல யாரு, பியூலா?” என்று என் குரல் அவளிடம் கேட்டது.

“தெரியலங்க” என்றாள். “யாரோ ஒருத்தன், கதவத் திறக்காதங்கான்.”