பாறை மேல் ஒரு மணி நேரம்

"இன்னாம்மா ஷோபனா, காலையில மெசேஜ் போட்டா சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேலதான் பதில் வருது. நான் கடை நடத்தறதா வேணாமா?"

வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி, மலைப்பாதை வளைவுகளைக் கடந்து வந்திறங்கிய கனீஸ் ஃபாத்திமா, ஷோபனாவின் வீட்டில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். அவளுடையது சிறுதானியக் கடை. மாதம் இரண்டு மூட்டை சாமை அவள் வாங்குவதில்தான் ஷோபனாவின் குடும்பமே ஓடுகிறது.

"அதோ தெரியுதே, அந்தப் பாறை மேல ஏறித்தாங்கக்கா ஃபோனைத் தொறக்கறது. அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும். சாமை வீடியோ ஒண்ணு போடுவேன், கேக்கறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லுவேன், எறங்கிடுவேன்," என்றாள் ஷோபனா, முறத்தில் சாமையைப் புடைத்தபடியே.

அவள் கணவன் மாதையன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில், தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விட்டான்.

கனீஸ் ஒரு பிடி சாமையை உள்ளங்கையில் பரப்பினாள். "சரக்கு தங்கம்தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மூட்டை கல்லா வந்துச்சு, திருப்பி அனுப்பினேன். அதுக்கப்புறம் ஒரு கல்லு இல்ல. ஆனா கீழ இளவழகன்னு ஒருத்தர் விக்கிறாரு. நாள் முழுக்க ஆன்லைன்லயே இருக்காரு, கேட்ட நிமிஷத்துல பதில். அடுத்த மாசத்துல இருந்து அவர்கிட்ட வாங்கிக்கலாம்னு இருக்கேன். உன்மேல குத்தமில்லம்மா. மலையில டவர் இல்லாததுக்கு நீ இன்னா பண்ணுவே?"

ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள். முறம் மட்டும் நிற்கவில்லை.

அப்போது கனீஸின் கைப்பையில் ஃபோன் அடித்தது. மகள் தூபா, வீடியோ காலில், பளிச்சென்று தெரிந்தாள்.

"அம்மி, பத்திரமா போய்ச் சேந்துட்டியா?"

"சேந்துட்டேன், அப்புறம் பேசறேன்," என்று வைத்த கனீஸ், திரையின் மூலையில் முழுதாக நின்ற சிக்னல் கோடுகளை உற்றுப் பார்த்தாள். எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தாள். பலாமரத்துக்குப் பின்னால் டவர் நெட்டுக்குத்தாக நின்றது.

"எத்தனை நாளா இருக்கு இது?" குரல் கடுத்திருந்தது.

ஷோபனா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சுங்கக்கா. நீங்க திருப்பி அனுப்பினீங்களே ஒரு மூட்டை, அது இந்த டவர் வந்த மாசம், வூட்லயே ஃபோனைப் பாத்துக்கிட்டு நான் புடைச்சது."

கனீஸ் முறத்தைப் பார்த்தாள். தன் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"மாசம் நாலு மூட்டை அனுப்பு. நான் அஞ்சு மணிக்கே மெசேஜ் போடறேன்."