மார்ச் 1

கணினி அட்டவணையில், மரபணுக்களின் பெயர்கள் மட்டுமே இருக்க வேண்டிய பத்தியில் ஒரு தேதி சட்டமாக உட்கார்ந்திருந்தது. மார்ச் 1.

"எவனோ பொறந்தநாள அடிச்சு வெச்சிருக்கான். தூக்கிடு," என்றான் உடன் ஆராய்ச்சி செய்யும் இக்பால். போன முறையும் அப்படித்தான் தூக்கினார்கள். ஆய்வில் ஒன்றும் தேறவில்லை.

பெனிட்டாவின் விரல் அழிக்கும் பொத்தானின் மேலேயே நின்றது. அக்காவைப் போல மூட்டு வீங்கி முடங்கியவர்களின் ரத்த மாதிரிகளிலெல்லாம் அந்தத் தேதிக்கு நேரே இருந்த எண்கள் எகிறியிருந்தன. நோயில்லாதவர்களிடம் அடங்கிக் கிடந்தன. பிறந்தநாள் இப்படியா ஏறி இறங்கும்?

சட்டென்று சிரித்துவிட்டாள். மார்ச்1 என்ற பெயரிலேயே ஒரு மரபணு உண்டு. அதிகப்பிரசங்கிக் கணினி அதைத் தேதியாக்கி வைத்திருக்கிறது.

கட்டத்துக்குள் பெயரைத் தட்டினாள். மறுபடியும் தேதியானது. முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டதும்தான் அடங்கி, பெயராகவே நின்றது.

அப்போது அக்கா அழைத்தாள். தினமும் கேட்பதுதான். "எப்பதான்டி எனக்குச் சரியாவும்? ஒரு தேதியாச்சும் சொல்லேன்."

"தேதி இல்லக்கா," என்றாள் பெனிட்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு பேரு கெடச்சிருக்கு."