அறுபத்திரண்டு மில்லிமீற்றர்

"தங்கச்சி, நேற்றுச் சம்பூரில அறுபத்திரண்டு மில்லிமீற்றர் மழையா?" ஜீப்பை விட்டு இறங்காமலே கேட்டார் வானிலை அதிகாரி முனாஸ்.

"ஓம் சேர். அப்பிடித்தானே அனுப்பினனான்," என்றாள் தர்ஷனா.

மழைமானி அவள் வீட்டு முற்றத்தில்தான் இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அளவு பார்த்துத் திருகோணமலை அலுவலகத்துக்கு அனுப்புவது அவள் பொறுப்பு.

"வறண்ட கச்சான் காத்து அடிக்கிற ஆவணியில இவ்வளவு மழையா? பக்கத்தில மூதூரில ஒரு துளி இல்லை. கொழும்பில இருந்து என்னைக் கேட்டுக் குடையிறாங்கள்."

இறங்கிப் போய் மழைமானியைப் பார்த்தார். அதன் புனல் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலை நிறையப் புழுதி.

"இதுக்குள்ள எப்பிடி மழை விழுந்தது? அளக்கத் தெரியாட்டிச் சொல்லியிருக்கலாமே!"

"அளக்கத் தெரியும் சேர். தெரிஞ்சுதான் பொய் எழுதினனான்."

"பொய்யா? ஏன்?"

"ரெண்டு மாசமா ஒவ்வொரு நாளும் பூச்சியம் எண்டு அனுப்பினன். கிணறு வத்திப் போச்சு, மிளகாய்க் கண்டெல்லாம் கருகுது, பவுசர் லொறியில தண்ணி அனுப்ப ஆரிட்டயாவது சொல்லுங்கோ எண்டு கீழ எழுதியும் விட்டன். ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. ஒரே ஒரு நாள் மழை பெய்தது எண்டு எழுதினன். விடியவே ஜீப்பில வந்து நிக்கிறீங்கள்."

முனாஸ் ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"வந்தது வந்திட்டீங்கள், கிணத்தையும் ஒருக்கா அளந்துகொண்டு போங்கோ சேர்."