அந்த ஊசி மட்டும் வேண்டாம்

“வலிச்சா வலிக்கட்டும் டாக்டர். அவ தாங்கிக்குவா” என்றார் மருதை.

தில்லை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் அப்துல் அஹத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் மனைவி மலர்க்கொடி. இன்னும் சற்று நேரத்தில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி ஒரு மனுஷன் பேசுகிற பேச்சா இது!

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். “முழு மயக்கம்னா தொண்டையில குழாய் விடணும். இவங்களுக்கு ஆஸ்துமா இருக்கு, அதனால முதுகுல ஊசி போட்டு மரத்துப் போக வச்சிடறேன். ஆனா அது நாலு மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் வலிக்குப் பெரிய ஊசி போடலாம். இல்லன்னா ஒரு பட்டனை அவங்க கையிலயே கொடுத்துடுவோம். வலிக்கிறப்ப அமுக்கினா மருந்து தானா இறங்கும்.”

“பட்டன் அவ கைக்கு வரவே கூடாதுங்க. பெரிய ஊசியும் வேணாம். காய்ச்சலுக்குக் குடுக்கிற மருந்த டிரிப்ஸ்ல ஏத்துங்க, போதும்.”

“செலவப் பாக்கிறீங்களா?”

“எவ்ளோ ஆனாலும் கட்டிடறேன். அந்த ஊசி மட்டும் வேணாம்.”

அப்படியானால் இது கஞ்சத்தனம்கூட இல்லை, வெறும் வக்கிரம். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் பானுப்ரியா அவரை முறைத்துப் பார்த்தாள். ஜீயபுரத்தில் வாழைத்தார் வெட்டுகிற ஆளுக்குப் பெண்டாட்டி வயிறும் அப்படித்தான் போலிருக்கிறது.

கேள்வி எல்லாம் புருஷனிடம், கையெழுத்தும் புருஷனிடம். படுத்திருப்பவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரிப்ஸ் போட பானுப்ரியா இரண்டு கையிலும் நரம்பு தேடிச் சலித்தபோதுதான் மலர்க்கொடி வாய் திறந்தாள். “கையில கிடைக்காது சிஸ்டர். வலது கால்ல, கணுக்காலுக்கு மேல பாருங்க.”

தாங்கவே முடியாவிட்டால் பெரிய ஊசி போடலாம் என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்து மாடி அறைக்குக் கொண்டுவந்தபின், மதியம் மூன்று மணிக்கு மரப்பு விட்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலர்க்கொடி துடித்தாள். அந்த ஆளோ தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அவள் வாயில் வைத்தார்.

“கடிச்சுக்க. ராத்திரிக்குள்ள குறைஞ்சிடும்.”

“ஊசி போடறேன், நகருங்க” என்றாள் பானுப்ரியா.

“அதான் வேணாம்னு சொன்னேன்ல!” என்று கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார்.

த்தூ! இப்படியும் ஒரு ஜென்மம். பானுப்ரியா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, டாக்டர் கீழே கூப்பிடுவதாகப் பொய் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கிப் படி இறங்கியதும் ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

“அந்த ஆளு வர்றதுக்குள்ள போட்டுடறேன்கா. ரெண்டு நிமிஷத்துல சொகமா தூங்கிடுவீங்க. எப்படித்தான் இந்த ராட்சசன்கூட குடும்பம் நடத்துறீங்களோ!”

மலர்க்கொடியின் கண்கள் ஊசியை விட்டு அகலவில்லை. சட்டென்று பானுப்ரியாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“எடுத்துட்டுப் போயிடுங்க சிஸ்டர். நானே கெஞ்சினாலும் போட விடக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான்.”

“ஏன்கா?”

“இந்த ஊசியத் திருடிப் போட்டுக்கிட்டுதான் என் நர்ஸ் வேலை போச்சு.”