சத்தம் மட்டும் வந்த லைவ்

மதியம் மூன்று பத்துக்கு ஜோதி லைவ் வந்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

மறைமலை நகரில் தன் டப்பாக் கம்பெனியின் மாடியறையில் லீலா போனைத் தட்டிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. ஜோதியின் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

காலையில் வைத்த முறுக்கு, அடைமழையிலும் சாயங்காலம் வரை நமத்துப் போகாது. லீலாவின் டப்பாவுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

அதை ஒரகடம் கம்பெனி பஸ்ஸில், ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் நடுவே திறந்து காட்டத்தான் ஜோதியைப் பிடித்திருந்தாள். ஜோதி கார் பாகங்கள் செய்யும் லைனில் நிற்பவள். வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் அடிக்கும் லூட்டியைப் பார்க்க இரண்டு லட்சம் பேர் உண்டு.

காஞ்சிபுரத்துப் பாத்திரக்கடைக்காரர் வரதராஜுலுவும் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தால் தன் எட்டுக் கடைகளிலும் வைப்பதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் லீலா மெஷினை நிறுத்த வேண்டியதுதான்.

என்ன நடந்தது என்று லீலாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று காலையில் கேட்டிலேயே போனின் இரண்டு கேமராக்களிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வெளியே வந்ததும் ஜோதி முன்பக்கத்து ஸ்டிக்கரை மட்டும் பிய்ப்பாள். அவள் பழக்கம் அது. இன்றைக்குப் பின்பக்கக் கேமராவில் எடு, பளிச்சென்று வரும் என்று படித்துப் படித்துச் சொன்னது லீலாதான். போன் இப்போது முதுகைக் காட்டி நிற்கும், திரை ஜோதிக்குத் தெரியாது.

கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. போன் அடித்தால் லைவ் அறுந்துவிடும்.

படம் வரலை, டப்பா எங்கே, டப்பாக் கம்பெனிக்காரங்களே காசைத் திருப்பிக் கேளுங்க என்று கமென்ட் குவிந்தது.

அப்போதுதான் கேட்டது.

மொறுக்.

பின்னாலேயே இன்னொரு மொறுக். அப்புறம் பஸ்ஸே கடித்தது. எனக்கு எனக்கு என்று பெண்கள் பிடுங்கிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி கீழே விழுந்ததையும் விடவில்லை.

லீலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே கம்பெனி பெயரில் ஒரு கமென்ட் போட்டாள். கண்ணை மூடிக் கேளுங்கள், மொத்தம் எத்தனை கடி? சரியாகச் சொல்பவருக்கு ஒரு டப்பா.

லைவில் இருந்த முந்நூறு பேர் மூவாயிரமானார்கள். பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தொடுவதற்குள் பதினோராயிரம்.

ஒருவர் நாற்பத்தேழு என்றார். அதில் இரண்டு கடி இல்லை, கியர் மாற்றிய சத்தம் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். லீலா நாற்காலி மேலேயே ஏறி நின்று சிரித்தாள்.

லைவ் முடிந்த கையோடு வரதராஜுலு கூப்பிட்டார். பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் கேட்டு வாங்கும் பரம்பரையாம் அவர். எட்டுக் கடைக்கும் எடுத்துக்கொள்கிறேன், நாளை ஞாயிறுதானே, பத்து மணிக்கு நேரில் வந்து அந்த டப்பாவை என் கையால் திறந்து பார்க்கிறேன் என்றார்.

லீலா ஜோதியைக் கூப்பிட்டாள். பின்பக்கக் கேமரா என்று பிடிவாதம் பிடித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜோதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஸ்டிக்கர நான் வேணும்னேதான் பிய்க்கல. புது சாமான், பாஸ் இல்லாம வெளிய வுட மாட்டோம்னு கேட்ல உங்க டப்பாவ முறுக்கோட புடிச்சி வெச்சிக்கினாங்க. பஸ் எடுக்க ரெண்டு நிமிஷந்தான் இருந்துச்சு, இன்னா பண்றதுன்னு தெரியல. நாங்க துன்னது எங்க லைன் மஞ்சுளா காலி ஊறுகா டப்பால எடுத்தாந்த முறுக்குக்கா."

லீலாவின் டப்பா செக்யூரிட்டி ரூமில் பத்திரமாக இருப்பதாகவும், காலையில் போய் வாங்கி வந்துவிடுவதாகவும் சொன்னாள். அதை இன்னும் யாரும் திறக்கவேயில்லையாம்.

லீலா மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

தன் டப்பாவுக்குள் முறுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று நினைக்க, முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது.